சத்தமில்லாத டேப்பட்: பழைய புல்லட்டோடு 11 வருடம்

சுரண்டையில் 94 மாடல் புல்லட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "அத்தான், வண்டி அவ்வளவு அமைதியா ஓடுது. கிக்கர் வெண்ணெய் மாதிரி இறங்குது. வாங்கட்டா?" என்று போன வாரம் மச்சினன் கேட்டான். அமைதி, வெண்ணெய் என்ற இரண்டு சொல்லும் என்னை உலுக்கிவிட்டன. என் புல்லட்டின் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கிற இன்ஜின் தலையை, இறக்கி ஏற்றி இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. படுத்துக்கொள்வதற்கு முந்தைய ஆறு மாதமும் அது அப்படித்தான் இருந்தது. அவனுக்குப் போனில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது 96 மாடல். 346 சிசி, வால்வைத் திறக்க நீளக் கம்பியாகப் புஷ்ராட், வலது பக்க கியர், பிளக்குக்குப் பொறி கொடுக்கப் பழைய பாயிண்ட் செட். வீடு பாளையங்கோட்டை, வேலை தென்காசி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆலங்குளத்தைத் தாண்டியதும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அந்தக் காற்றுக்காகத்தான். நாலாவது கியர் இழுக்காது. மூன்றில் போட்டு திராட்டிலை முறுக்கிப் பிடித்தபடி பாவூர்சத்திரம் வரை போக வேண்டும். அந்தக் காற்றிலும் இந்த வண்டி ஒரு நாள்கூட என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

போன ஆனியில் டேப்பட் சத்தம் கூடியது. புஷ்ராடின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற இடம்தான் டேப்பட். தென்காசியிலிருந்து திரும்பும் வழியில் ரோட்டோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினேன். அந்தப் பையன் கை சுடுகிற இன்ஜினிலேயே டேப்பட் மூடியைக் கழற்றி, இரண்டு ஸ்பேனரை வைத்து, சத்தம் நிற்கும் வரை இறுக்கிக் கொடுத்தான். எனக்கும் சந்தோஷம்தான். வண்டி புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று வீட்டில் வந்து சொன்னேன்.

இந்த இன்ஜினில் சூட்டோடு டேப்பட் வைக்கவே கூடாது. வார்ப்பிரும்பு பேரல் (சிலிண்டர்) சூடானால் உயரும். அதனால் புஷ்ராடுக்கு இடைவெளி கூடும், சத்தமும் கூடும். அந்தக் கூடுதல் இடைவெளியை இறுக்கி மூடிவிட்டால் ஆறினதும் என்ன ஆகும்? பேரல் சுருங்கி, வால்வை அமுக்குகிற ராக்கரைப் புஷ்ராட் முட்டிக்கொண்டே நிற்கும். வால்வு முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கி வைப்பதே சீட்டில் உட்கார்ந்திருக்கிற நேரத்தில்தான். உட்கார இடமில்லை என்றால் ஆறவும் வழியில்லை. அந்த நிலையில்தான் நான் ஆடி முழுவதும் காற்றை எதிர்த்து வண்டியை விரட்டியிருக்கிறேன்.

மார்கழியில் காலை ஸ்டார்ட்டிங் போனது. பதினைந்து கிக், இருபது கிக். ஸ்டார்ட் ஆனாலும் ஸ்லோ நிற்காது. திராட்டிலை விட்டால் சைலன்சருக்குள் டப் டப் என்று வெடிக்கும். ஒரு பட்டறையில் பிளக், காயில், பாயிண்ட் எல்லாம் மாற்றினார்கள். இன்னொன்றில் கார்புரேட்டரை மூன்று தரம் கழுவினார்கள். மூன்றாவது ஆள் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ரிங் போயிட்டு சார், போர் பண்ணணும்" என்றார். ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. இத்தனை பேரில் ஒருவர்கூட, கடைசியாக டேப்பட் எப்போது வைத்தீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. நல்ல புல்லட்டின் கிக்கர் மேல் ஏறி நின்றால் அது ஒரு நொடி நம்மைத் தாங்கும். ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டர் அழுத்தத்தை இறக்கிவிடுகிற டீகம்ப்ரசரைப் பிடித்து, அப்புறம் மிதிக்கிற பழக்கமெல்லாம் அதனால் வந்ததுதான். என் கிக்கரோ சேற்று வயலில் கால் வைத்த மாதிரி இறங்கியது. பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு மிதித்துப் பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் கொஞ்ச நேரம் அடைத்துக்கொண்டு கம்ப்ரஷன் ஏற வேண்டும். துளி மாற்றம் இல்லை. காற்று போவது வால்வு வழியாகத்தான்.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எழுபது வயது தாண்டிய மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றிக்கொண்டு அவரிடம் போனேன். முதலில் அவர் தொட்டது டீகம்ப்ரசர் கேபிளை. அது இறுகிக் கிடந்தாலும் காற்று இப்படித்தான் சைலன்சருக்குப் போகுமாம். அது சரியாக இருந்தது. பிறகு பிஸ்டனைக் கம்ப்ரஷன் டாப்பில் நிறுத்தி, டாப் கியரைப் போட்டு, பின் பிரேக்கை என்னை மிதிக்கச் சொன்னார். பழைய பிளக்கின் உள்ளே இருந்த பீங்கானை உடைத்தெடுத்து, டியூப் மவுத்தைப் பற்ற வைத்து அவரே செய்த ஒரு சாமான் வைத்திருக்கிறார். அதன் வழியாகக் காற்று ஏற்றினார். கார்புரேட்டரில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. சைலன்சரில் என்னையே காது வைக்கச் சொன்னார். ஸ்ஸ்ஸ் என்று பாம்பு சீறுவது மாதிரி கேட்டது.

"டேப்பட் கொஞ்சம் பேசிக்கிட்டே இருக்கணும் தம்பி. வாயைக் கட்டிட்டாவ, வயிறு வெந்துட்டு," என்றார்.

ஹெட்டை இறக்கிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி தின்றிருந்தது. சீட்டிலும் குழி. வால்வுத் தண்டு ஓடுகிற கைடு ஆடியது. புது வால்வும் கைடும் வாங்கி, சீட்டை அம்பாசமுத்திரத்தில் ஒரு லேத்தில் 45 டிகிரிக்கு வெட்டி வாங்கி வந்தோம். அப்புறம் அண்ணாச்சியின் கைவேலை. வால்வுத் தண்டில் ரப்பர் ஹோஸை மாட்டி, கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, மோர் கடைகிற மாதிரி இரண்டு உள்ளங்கைக்கு நடுவே உருட்டினார். சொரசொர பேஸ்ட், பிறகு நைஸ் பேஸ்ட். நடுவில் நாலைந்து உருட்டுக்கு ஒரு தடவை வால்வைத் தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைத்தார். சுற்றிலும் ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் விழுந்ததும் பேஸ்ட் துளிகூட மிஞ்சாமல் கழுவினார். ஸ்பிரிங்கை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்கிற போர்ட்டுக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

மொத்தம் 4,800 ரூபாய். டேப்பட்டை அன்றைக்கு அவர் வைக்கவில்லை. ராத்திரி முழுக்க ஆறவிட்டு மறுநாள் விடியற்காலையில் வைத்தார். புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. எக்ஸாஸ்ட் மட்டும் ஒரு மயிரிழை தாராளம். புது வால்வு சீட்டில் பதியப் பதிய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதனால் 500 கிலோமீட்டரில் ஹெட் நட்டை ஒரு தடவை இறுக்கி, டேப்பட்டைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். தேய்மானம் என்றால் சத்தம் கூடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். வால்வு சீட் தேய்ந்தால் சத்தம் குறையும்.

இப்போது காலையில் இரண்டாவது கிக். டேப்பட் டிக் டிக் என்று பேசுகிறது. பக்கத்து வீட்டு மாமா, "வண்டி ரொம்ப சத்தம் போடுதே" என்று வருத்தப்பட்டார். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் மனசு ஆறுதலாக இருக்கிறது. நமக்கே கையெட்டும் இடத்தில், இரண்டு ஸ்பேனரும் இரண்டு விரலும் போதும் என்கிற அளவில் வால்வு வேலையை வைத்த இன்ஜினை நான் வேறு பார்த்ததில்லை.

ஆனாலும் மச்சினனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். இரண்டு விரலால் உருட்டிப் பார்க்கத் தெரிந்த கைகள் நம் பக்கத்தில் குறைந்துகொண்டே வருகின்றன. அண்ணாச்சிக்கு ஒரு கண்ணில் புரை. அவருடைய மகன் பட்டறைப் பக்கம் வருவதில்லை.

அவன் கேட்கிற மாதிரி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறானாம். சரி மாப்ள, போவதென்றால் சொல்லாமல் விடியற்காலையில் போ. ஸ்டார்ட் பண்ணச் சொல்வதற்கு முன்னால் ஹெட்டில் கையை வை. வெதுவெதுப்பாக இருந்தால் உனக்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், திரும்பி வந்துவிடு. ஜில்லென்று இருந்தால் கிக்கரில் ஏறி நின்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.