வகுப்பறைக் காற்றாலை: எல்இடியை எரியவைப்பது எந்த மோட்டார்?

இறக்கை ஜோராகச் சுற்றும், எல்இடி மட்டும் எரியாது. அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி நடப்பது இது. இறக்கையைத்தான் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு பெரும்பாலும், இறக்கை சுற்றும்போது மின்சாரம் தரும் மோட்டாரில் இருக்கும்.

சிவப்பு எல்இடிக்குச் சுமார் 1.8 வோல்ட் வேண்டும். டேபிள் ஃபேன் முன்னால், 30 செ.மீ. விட்டமுள்ள மூன்று இறக்கைகள் நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினாலே பெரிய விஷயம். பொம்மைக் கார் மோட்டாரோ 3 வோல்ட்டில் 9,000 சுற்றுக்குப் பக்கமாக ஓடும் வகை. இறக்கை அதைச் சுற்றினாலும் ஏறக்குறைய அதே விகிதம்தான்: 900 சுற்றுக்குக் கிடைப்பது 0.3 வோல்ட்தான். மல்டிமீட்டர் முள் அசையும், அவ்வளவுதான்.

ரோபோ கிட்டில் வரும் மஞ்சள் கியர் மோட்டார் (1:48, அதாவது வெளித் தண்டு ஒரு சுற்று சுற்றினால் உள்ளே மோட்டார் 48 சுற்று சுற்றும்) நேர் எதிர். விரலால் வேகமாகச் சுழற்றினாலே எல்இடி எரியும். காற்றுக்கு மட்டும் அசையாது. பல்சக்கர உராய்வைத் தாண்ட அகலமான ஆறு இறக்கைகளாவது வேண்டும்.

எங்கள் தேர்வு, பழைய இங்க்ஜெட் பிரிண்டரில் இருக்கும் டிசி மோட்டார். 24 வோல்ட்டில் ஏறக்குறைய 5,000 சுற்று ஓடும் மோட்டார், 900 சுற்றில் 4 வோல்ட் தரும். கியர் இல்லாததால் லேசாகவும் சுற்றும். இரண்டு ஒயர் மட்டும் வந்தால் அது டிசி. நான்கு ஒயர் இருந்தால் ஸ்டெப்பராக (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) இருக்கும். அதிலும் எல்இடி எரியும், ஆனால் காந்தம் விட்டுவிட்டு இழுப்பதால் மெல்லிய காற்றில் கிளம்பாது.

மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைப் பிடுங்க வேண்டாம். இறக்கைகளைத் தாங்கும் பாட்டில் மூடியை அதன் மேலேயே க்ளூ கன்னால் ஒட்டலாம். மூடிக்கும் மோட்டார் முகத்துக்கும் 2 மி.மீ. இடைவெளி அவசியம். பசை உள்ளே வழிந்தால் தண்டு இறுகிவிடும்.

இறக்கைக்கு அட்டையைவிட பிவிசி மேல். அட்டை காற்றில் வளைந்து, சாய்வு மாறிவிடுகிறது. 3 இன்ச் பைப்பில் 15 செ.மீ. துண்டு வெட்டி, நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் மூன்று இறக்கையும் ஒரு உபரியும் கிடைக்கும். நுனியின் அகலத்தை 3 செ.மீ. ஆகக் குறுக்குங்கள். மூன்றும் ஒரே எடை இல்லாவிட்டால் ஸ்டாண்டே ஆடும். சுழலும் தளத்திலிருந்து சாய்வு 15 டிகிரி போதும். 45 வைத்தால் சட்டென்று கிளம்பும், வேகம் ஏறாது.

பாட்டிலைப் பாதியாகப் பிளந்து செய்யும் செங்குத்துக் காற்றாலை, காற்று திசை மாறும் மைதானத்துக்குச் சரி. ஃபேன் காற்றுக்கு அது வேண்டாம். வேகமும் திறனும் குறைவு.

எல்லாம் சரியாக இருந்தும் எரியவில்லையா? எல்இடியின் இரண்டு காலையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஓடும்போது யாரும் இறக்கைக்குப் பக்கவாட்டில் நிற்கக்கூடாது. கழன்றால் அந்தத் திசையில்தான் பறக்கும்.