30 சதவீதமா, 15 சதவீதமா? அமெரிக்கத் தளங்களில் மின்னூல் விற்பவருக்கு எந்த வழி நல்லது

கிண்டில் போன்ற அமெரிக்கத் தளத்தில் மின்னூல் வெளியிட விரும்புகிறவர், முதல் பிரதி விற்பதற்கு முன்பே ஒரு வரிக் கேள்வித்தாளைக் கடந்தாக வேண்டும். நீங்கள் அமெரிக்கக் குடிமகனா, எந்த நாட்டில் வரி செலுத்துகிறீர்கள், வரி எண் என்ன, ஒப்பந்தச் சலுகை கோருகிறீர்களா என்று அது வரிசையாகக் கேட்கும். பல எழுத்தாளர்கள் அங்கேயே தயங்கி நின்றுவிடுகிறார்கள். இன்னும் பலர் புரியாத இடங்களைக் காலியாக விட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்கிறார்கள். அதிகம் இழப்பவர்கள் இவர்கள்தான். அதனால்தான் இருக்கும் வழிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடிப்படை விதி எளிது. அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு, அமெரிக்காவில் விளைந்த ராயல்டியைக் கொடுக்கும் நிறுவனம் அதில் 30 சதவீதத்தை வரியாகப் பிடித்து, ஐஆர்எஸ் எனப்படும் அமெரிக்க வருமான வரித் துறைக்குக் கட்டிவிட வேண்டும். எழுத்தாளரின் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தால் அந்த விகிதம் குறையும். ஆனால் தானாகக் குறையாது. எழுத்தாளர் கேட்க வேண்டும். கேட்பதற்கான படிவம்தான் டபிள்யூ-8பென்.

இந்தப் பிடித்தம் அமெரிக்க வருமானத்துக்கு மட்டும்தான். நூலின் காப்புரிமை எந்த நாட்டில் பயன்படுகிறதோ, அந்த நாட்டில் விளைந்த ராயல்டியாகவே அதைச் சட்டம் கருதுகிறது. மதுரையில் இருப்பவர் எழுதிய நாவலைக் கோவையில் ஒருவர் வாங்கினால் அமெரிக்க வரிக்கு அங்கே வேலை இல்லை. டெக்சஸில் ஒருவர் வாங்கினால் உண்டு. ஆகவே தமிழில் எழுதி, பெரும்பாலும் இந்திய வாசகருக்கு விற்பவரின் கவலை சிறியது. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கும், புலம்பெயர்ந்த வாசகர்கள் நிறைய உள்ளவருக்கும் இது பெரிய தொகையாகவே இருக்கும்.

நாட்டுக்கு நாடு வேறுபடும் விகிதம்

அமெரிக்க விற்பனையில் 1,000 டாலர் ராயல்டி சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தப்படி இந்திய எழுத்தாளருக்கு 15 சதவீதம் பிடித்தம். கையில் வருவது 850 டாலர். இலங்கை எழுத்தாளருக்கு 10 சதவீதம், 900 டாலர். ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு 5 சதவீதம். பிரிட்டன், கனடா, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் வசிப்பவருக்குப் பிடித்தமே கிடையாது. 1,000 டாலரும் வந்து சேரும். சிங்கப்பூரும் மலேசியாவும் அமெரிக்காவுடன் இத்தகைய வருமான வரி ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. அங்கே வசிக்கும் தமிழ் எழுத்தாளர் எந்தப் படிவத்தை எவ்வளவு சரியாக நிரப்பினாலும் 700 டாலர்தான். இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் எழுத்தாளர் அளவில் தீர்க்கக்கூடிய விஷயம் இல்லை.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஒப்பந்தம் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, வரிக்கான வசிப்பிடத்தை. இந்திய பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் கையில் இருந்தாலும், சிங்கப்பூரிலேயே குடியிருந்து அங்கேயே வரி கட்டுகிறவர் இந்திய ஒப்பந்தத்தைக் கோர முடியாது. டொரன்டோவில் குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரருக்குப் பொருந்துவது இலங்கையின் 10 சதவீதம் அல்ல, கனடாவின் பூஜ்ஜியம். நியூ ஜெர்சியில் வேலை பார்த்து, வரிச் சட்டப்படி அமெரிக்கவாசியாகிவிட்டவருக்கு டபிள்யூ-8பென் உரியதே அல்ல. அவர் நிரப்ப வேண்டியது டபிள்யூ-9. படிவத்தில் இடும் கையெழுத்து, பொய் சொன்னால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியின் கீழ் இடப்படுகிறது. சலுகைக்காக நாட்டை மாற்றிப் போடும் யோசனை வேண்டவே வேண்டாம்.

ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவது

30 சதவீதம் போனால் போகட்டும், இந்தியாவில் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு. இந்திய வருமான வரி விதிகளின்படி, ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் வெளிநாட்டில் கட்டிய வரிக்கு இங்கே கழிவு கிடைக்காது. 20 சதவீத வரி அடுக்கில் இருக்கும் ஒருவரின் கணக்கைப் பாருங்கள். 1,000 டாலரில் அமெரிக்காவில் 300 போய்விட்டது. இந்தியாவில் அந்த வருமானத்துக்கு வரி 200 டாலர். கழிவு 150 வரை மட்டுமே என்பதால் இன்னும் 50 கட்ட வேண்டும். செஸ் நீங்கலாக மொத்த வரி 350 டாலர். படிவத்தில் ஒப்பந்தத்தைக் கோரியிருந்தால் அங்கே 150, இங்கே 50, ஆக 200 டாலரோடு முடிந்திருக்கும்.

குறைந்த வருமானம் உள்ள எழுத்தாளரின் நிலை இன்னும் மோசம். இந்தியாவில் அவருக்கு வரியே இல்லை என்றால் கழிப்பதற்கும் ஒன்றும் இல்லை. 300 டாலரும் போனதுதான். எழுத்தை மட்டும் நம்பி வாழ்கிறவர்களே இதில் அதிகம் அடிபடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சொந்த நாட்டு வரி எண்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். டபிள்யூ-8பென் படிவத்தில் வெளிநாட்டு வரி எண்ணுக்கு ஓர் இடம் இருக்கிறது. இந்தியர் அங்கே பான் எண்ணைக் கொடுக்கலாம். இலங்கையர் உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தந்த எண்ணைக் கொடுக்கலாம். பிரிட்டனில் தேசியக் காப்பீட்டு எண்ணும், கனடாவில் சமூகக் காப்பீட்டு எண்ணும் இதற்கு உதவும். அமேசானின் கேள்வித்தாள் இந்த எண்ணை ஏற்றுக்கொண்டு, ஒப்பந்த விகிதத்தைத் தானே காட்டும். செலவு கிடையாது, தபால் கிடையாது, காத்திருப்பு கிடையாது. இந்தப் படிவம் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பப்படுவதும் இல்லை. பணம் கொடுக்கும் நிறுவனத்திடமே இருக்கும்.

நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒப்பந்தப் பகுதியில் நாடு இந்தியா, பிரிவு 12, விகிதம் 15 சதவீதம், வருமானம் ராயல்டி. பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும், நாள் பிறகு. மே 4-ஐ ஏப்ரல் 5 ஆக்கிவிடாதீர்கள்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பலருக்கு முன்னெழுத்துதான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பான் அட்டையில் முன்னெழுத்து விரிந்து தந்தையின் பெயர் முழுதாக இருக்கும். வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்தாகவே நின்றிருக்கும். பாஸ்போர்ட்டில் வரிசை மாறியிருக்கும். படிவத்தில் பான் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். வங்கிக் கணக்கின் பெயரையும் முடிந்தால் முன்கூட்டியே அதனோடு பொருத்திவிடுங்கள். புனைபெயர் அட்டைப்படத்தில் மட்டும் இருக்கட்டும். வரிப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

இந்த வழியின் ஒரே குறை, படிவத்துக்கு ஆயுள் உண்டு என்பது. கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் 31 வரைதான் அது செல்லும். 2025-ல் கொடுத்தது 2028 முடிவோடு காலாவதியாகும். புதுப்பிக்க மறந்தால் பிடித்தம் மீண்டும் 30 சதவீதத்துக்கு ஏறிவிடலாம்.

அமெரிக்க எண்கள்: ஐடிஐஎன், ஈஐஎன்

பழைய வழிகாட்டிகளில் இந்த இரண்டும்தான் பெரிதாகப் பேசப்படும். அதற்குக் காரணம் இருந்தது. ஒரு காலத்தில் பல தளங்கள் அமெரிக்க எண் இல்லாமல் சலுகை தரவில்லை.

ஐடிஐஎன் என்பது அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் பெற முடியாதவர்களுக்காக 1996 முதல் வழங்கப்படும் தனிநபர் வரி எண். டபிள்யூ-7 என்ற விண்ணப்பத்தோடு அசல் பாஸ்போர்ட்டை டெக்சஸில் உள்ள ஆஸ்டினுக்கு அனுப்ப வேண்டும். அல்லது பாஸ்போர்ட் வழங்கிய அலுவலகமே சான்றளித்த நகல் வேண்டும். நோட்டரி கையெழுத்திட்ட நகல் போதாது. ஐஆர்எஸ் அங்கீகரித்த சான்றளிப்பு முகவர் மூலம் போனால் பாஸ்போர்ட் கையைவிட்டுப் போகாது. அவருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் 9 முதல் 11 வாரங்கள் ஆகலாம் என்று ஐஆர்எஸ்ஸே சொல்கிறது. வரி அறிக்கையில் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் எண் காலாவதியாகும். பான் எண்ணே போதும் என்ற நிலையில் இவ்வளவு அலைச்சல் எதற்கு?

ஆனால் ஓர் இடத்தில் ஐடிஐஎன் தவிர்க்க முடியாதது. தெரியாமல் 30 சதவீதம் பிடிபட்டுவிட்டது, அதிகப்படியாகப் போனதைத் திரும்பப் பெற வேண்டும் என்றால் 1040-என்ஆர் என்ற வரி அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு இந்த எண் தேவை. டபிள்யூ-7 விண்ணப்பத்தை அந்த அறிக்கையோடு சேர்த்தே அனுப்பலாம். திரும்ப வர வேண்டியது 50 டாலர் என்றால் விட்டுவிடுவதே மேல். 2,000 டாலர் என்றால் நிச்சயம் போராடலாம்.

ஈஐஎன் தொழில் நிறுவனங்களுக்கான எண். எஸ்எஸ்-4 விண்ணப்பத்தின் விவரங்களைச் சொன்னால் வெளிநாட்டவருக்குத் தொலைபேசியிலேயே அதைக் கொடுத்துவிடுவார்கள், பாஸ்போர்ட் கேட்பதில்லை. அந்த வேகத்தால்தான் எழுத்தாளர்கள் மத்தியில் இது பிரபலமானது. 2006-ம் ஆண்டு டபிள்யூ-8பென் படிவத்தில் ஈஐஎன்னுக்கு ஒரு கட்டம் இருந்தது. 2014 பிப்ரவரியில் திருத்தப்பட்ட படிவத்தில் அமெரிக்க எண்ணுக்கான இடத்தில் சமூகப் பாதுகாப்பு எண்ணும் ஐடிஐஎன்னும் மட்டுமே இருக்கின்றன. தனி எழுத்தாளராக விற்பவர் இனி ஈஐஎன்னைத் தேடிப் போகத் தேவையில்லை. பழைய ஆலோசனையைப் படித்துவிட்டு நள்ளிரவில் அமெரிக்காவுக்கு அழைத்துக் காத்திருப்பது வீண்.

அமெரிக்காவில் கம்பெனி தொடங்கலாமா?

வேண்டாம். டெலவேரிலோ வயோமிங்கிலோ எல்எல்சி எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் ஒன்றைப் பதிவு செய்தால் வரியே இல்லை என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரே உரிமையாளர் கொண்ட எல்எல்சியை அமெரிக்க வரிச் சட்டம் தனி ஆளாகவே பார்ப்பதில்லை, உரிமையாளரைத்தான் பார்க்கிறது. ஆகவே டபிள்யூ-8பென் மறுபடியும் உங்கள் பெயரில்தான் போகும், விகிதமும் அதே 15 சதவீதம். சேமிப்பு எதுவும் இல்லை. புதிதாக வந்து சேர்வது செலவும் ஆபத்தும். டெலவேரில் ஆண்டுக்கு 300 டாலர் மாநிலக் கட்டணம். அதோடு வெளிநாட்டவர் உரிமையில் உள்ள இத்தகைய எல்எல்சி, படிவம் 5472 தாக்கல் செய்யத் தவறினால் அபராதம் 25,000 டாலர். இந்தியாவில் வசிப்பவர் அந்த கம்பெனியை வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டவும் வேண்டும். மறைத்தால், மறைத்த வெளிநாட்டுச் சொத்தின் மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போது, 2015-ம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. ஆண்டுக்கு 400 டாலர் ராயல்டி வாங்கும் கவிஞருக்கு இப்படி ஒரு யோசனையை விற்பவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது.

இடையில் ஒருவரை வைத்துக்கொள்வது

டிராஃப்ட்2டிஜிட்டல் போன்ற விநியோகத் தளங்கள் ஒரே நூலைப் பல கடைகளுக்குக் கொண்டுசேர்க்கின்றன. கடைக்குக் கடை வரிப் படிவம் நிரப்பும் வேலை மிச்சம். பதிலுக்குக் கமிஷன் உண்டு. வரி விகிதம் மாறாது. உள்ளூர்ப் பதிப்பாளர் மூலம் வெளியிட்டால் அமெரிக்கப் படிவம் அவர் பொறுப்பு; எழுத்தாளர் ரூபாயில் ராயல்டி வாங்கிக்கொண்டு இந்திய வரியை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில் ராயல்டி எந்தத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது, அமெரிக்கப் பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்பதைக் கட்டாயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவில் முடிந்த பிறகு

15 சதவீதம் பிடித்த நிறுவனம் ஆண்டுதோறும் மார்ச் 15-க்குள் 1042-எஸ் என்ற சான்றைத் தர வேண்டும். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இந்தியாவில் கழிவு கோர அதுதான் ஆதாரம். 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இதற்கென்று தனியாகப் படிவம் 67 இருந்தது. கணக்கை மட்டும் தாக்கல் செய்து இதை விட்டவர்கள் கழிவுக்காக அலைய நேர்ந்தது. அமெரிக்காவில் ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர், இங்கே ஏப்ரல் முதல் மார்ச். ஆகவே ஒரு 1042-எஸ் சான்று இரண்டு இந்திய நிதியாண்டுகளில் பிரிந்து வரும். மாதவாரியான ராயல்டி அறிக்கைகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் ஆடிட்டர் உங்களை வாழ்த்துவார்.

அதே சட்டத்தில் எழுத்தாளருக்கென்றே 80 க்யூக்யூபி என்ற பிரிவும் இருந்தது. இலக்கிய, கலை, அறிவியல் நூல்களின் ராயல்டியில் 3 லட்சம் ரூபாய் வரை கழித்துக்கொள்ள அது அனுமதித்தது. பள்ளிப் பாடநூல்களுக்குக் கிடையாது, பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டு ராயல்டிக்கு இதைக் கோர வேண்டுமானால் பணம் அந்நியச் செலாவணியாக நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டியிருந்தது. அதற்குச் சான்றாக இருந்தது படிவம் 10எச். 2026 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருப்பது புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. தாக்கலுக்கு உட்காரும் முன் அந்த ஆண்டுக்கு உரிய எண் எது என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.