டெமோ நைட்: மேடையா, மேசையா?

உள்ளூர் ஸ்டார்ட்அப்காரர்களையும் டெவலப்பர்களையும் ஒரு மாலையில் கூட்டி, அவரவர் செய்த மென்பொருளை ஓட்டிக் காட்டும் டெமோ நைட் நடத்தலாம் என்று முடிவானதும், பேச்சு உடனே இடம், சாப்பாடு, ஸ்பான்சர் என்று போய்விடும். அவையெல்லாம் எப்படியோ அமைந்துவிடும். எந்த வடிவத்தில் நடத்துவது என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். போட்டியில் நிற்பவை முக்கியமாக இரண்டு. ஒவ்வொருவராக மேடையேறிச் செய்து காட்டுவது ஒன்று. அறை முழுக்க மேசை போட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் காட்டுவது இன்னொன்று.

மேடைக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் நடத்திய டெமோவில்தான் மவுஸ், ஹைப்பர்டெக்ஸ்ட் (சொடுக்கினால் வேறு பக்கத்துக்குத் தாவும் எழுத்து), வீடியோ உரையாடல் எல்லாம் ஒன்றாக அரங்கேறின. கணினி இருந்ததோ தள்ளியிருந்த மென்லோ பார்க் என்ற ஊரில். படம் மைக்ரோவேவ் இணைப்பில் வந்தது. அதைத் தடங்கலின்றி ஓட்ட இரண்டு பக்கமும் ஒரு குழுவே உழைத்தது. நம் மேடையில் ஏறுபவருக்கு அப்படி ஒரு குழு கிடையாது. அவரிடம் இருப்பது ஒரு லேப்டாப்பும், அதில் சரியாகப் பொருந்தாத ஒரு அடாப்டரும்தான்.

மேடையின் உண்மையான செலவு அந்த அடாப்டரில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 5 நிமிடம் என்றால் 40 நிமிடம். லேப்டாப் மாற்ற 3 நிமிடம், ஏழு முறை: 21. கேள்விக்கு ஆளுக்கு 3 நிமிடம்: 24. மொத்தம் 85 நிமிடம். அதற்குள் ஒருவருடைய ப்ரொஜெக்டர் திரை மங்கலாகத் தெரியும். டார்க் மோடில், அதாவது கறுப்புப் பின்னணியில், சாம்பல் எழுத்து வைத்திருப்பார். இன்னொருவர் லாகின் செய்யப் போவார், ஓடிபி அவர் போனுக்கு வரும், போன் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் கிடக்கும். இரண்டு கேபிள் போட்டு நடுவில் இரண்டு லேப்டாப்புக்கும் இடையே திரையை மாற்றிவிடும் எச்டிஎம்ஐ ஸ்விட்சர் ஒன்றை வைத்தால், ஒருவர் பேசும்போதே அடுத்தவர் இணைத்துத் தயாராகிவிடலாம். பெரிய செலவில்லாத இந்த ஒரு ஏற்பாடு அந்த 21 நிமிடத்தில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும். ஓடும் டெமோவின் வீடியோ ஒன்றையும் எல்லோரிடமும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இணையம் கைவிட்டால் அதை ஓட்டிக்கொண்டே பேசலாம்.

இவ்வளவு தொல்லைக்கும் மேடை ஒன்றைத் திருப்பித் தருகிறது: கூட்டம் முழுவதும் ஒரே விஷயத்தைப் பார்க்கிறது. கூச்ச சுபாவமுள்ள டெவலப்பர் செய்ததைக்கூட எல்லோரும் பார்த்துவிடுவார்கள். மேசையில் அவர் ஓரமாக நின்றுவிடுவார். கூட்டம் கதவருகே இருக்கும் முதல் இரண்டு மேசைகளிலேயே தேங்கிவிடும்.

மேசைக்கு வருவோம். இங்கே ஜெயிப்பது கேள்வி. மேடையில் யாரும் "இதை ஏன் இந்த டேட்டாபேஸில் வைத்தீர்கள்?" என்று நோண்ட மாட்டார்கள். மேசையில் நோண்டுவார்கள், கீபோர்டையே பிடுங்கித் தட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத பட்டனை அழுத்துவார்கள். ஒரு ஸ்டார்ட்அப்புக்கு இதைவிடப் பயனுள்ள பதினைந்து நிமிடம் கிடைப்பது அரிது. சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே அறிமுகத்தை இருபது தடவை சொல்லித் தொண்டை கட்டிவிடும், அதனால் மேசைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் மின் இணைப்பு வேண்டும். வைஃபை தனித் தலைவலி: வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஆளாளுக்கு ஹாட்ஸ்பாட் போட்டால் எல்லோருக்குமே நின்றுவிடும்.

ஸ்லைடு தானாக நகரும் வடிவங்களையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 2003-இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சாவில் 20 ஸ்லைடு, தலா 20 விநாடி. 2006-இல் சியாட்டிலில் தொடங்கிய இக்னைட்டில் அதே 20 ஸ்லைடு, தலா 15 விநாடி. நேரம் கறாராகக் காப்பாற்றப்படும், சரி. ஆனால் ஓடுகிற மென்பொருளைக் காட்ட இது ஒத்துவராது. ஸ்லைடு நகர்ந்துவிடும், பக்கம் இன்னும் லோட் ஆகிக்கொண்டிருக்கும். கதை சொல்லும் மாலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சாஸ் சிட்டியில் 2012-இல் தொடங்கிய ஒன் மில்லியன் கப்ஸ் என்ற ஸ்டார்ட்அப் கூட்டம் இதற்கு நேர் எதிர்: 6 நிமிடம் பேச்சு, 20 நிமிடம் கேள்வி. நிறுவனருக்கு நல்லதுதான். ஆனால் ஒரு மாலையில் ஓரிருவருக்கு மேல் தாங்காது.

என் தேர்வு மேடையையும் மேசையையும் அடுத்தடுத்து வைப்பது. இது புதுசும் இல்லை. 1975 மார்ச்சில் ஒரு கராஜில் தொடங்கிய ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பில் முதலில் ஆளாளுக்கு எழுந்து தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அப்புறம் எல்லோரும் கலைந்து வேண்டியவரைத் தேடிப் போய்ப் பேசுவார்கள். ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான வாஸ்னியாக் தன் ஆப்பிள்-1 கணினியைக் காட்டியது அந்தக் கிளப்பில்தான். அதே முறையில் நாம் ஆளுக்கு 2 நிமிடம் மேடை கொடுத்து, பிறகு ஒரு மணி நேரம் மேசைக்கு விடலாம். இருபது பேருக்கும் குறைவான கூட்டம் என்றால் மேடையே வேண்டாம், நேரே மேசைக்குப் போய்விடுங்கள். நூறைத் தாண்டினால் மேடை நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

முதலீட்டாளரிடம் பணம் கேட்டுப் பேசும் பிட்ச் மட்டும் அன்றைக்கு வேண்டாம். அது நுழைந்ததும் டெவலப்பர்கள் பின்வரிசைக்கு நகர்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பதிவுப் படிவத்தில் "வருபவர்களிடம் என்ன கேட்க விரும்புகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி சேர்த்தால் ஆட்களைப் பிரிப்பது சுலபம். "எங்கள் நிரலில் இந்த இடம் மெதுவாக இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று எழுதுபவருக்கு நல்ல இடத்தில் மேசை கொடுங்கள். "முதலீடு தேவை" என்று மட்டும் எழுதுபவரிடம், இது அந்தக் கூட்டம் இல்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள்.