தறி நிற்கிற நாளில் சாட்சி: ஆறு வருட வீடியோ அனுபவம்

எங்கள் கிறிஸ்தவ சபை பல்லடத்துக்கும் சோமனூருக்கும் நடுவே இருக்கிறது. கோயில் வாசலில் நின்றால் மூன்று பக்கம் விசைத்தறிச் சத்தம், நான்காவது பக்கம் சோளக்காடு. இங்கே இருந்துகொண்டு 2019 தொடக்கத்திலிருந்து சபையாரின் சாட்சிகளை, அதாவது தேவன் தங்களுக்குச் செய்ததை அவரவர் வாயால் சொல்வதை, வீடியோ எடுத்து வருகிறேன். இதுவரை எடுத்தது 73. இப்போது வெளியே இருப்பது 58. மீதி 15 ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். பிழைப்புக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை; இது ஞாயிறு மத்தியானமும் லீவு நாளும் செய்கிற காரியம். எந்தக் கேமரா வாங்கலாம், எந்த மைக் நல்லது என்று பக்கத்துச் சபைத் தம்பிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஒவ்வொருவராக எழுந்து அந்த வருடத்துச் சாட்சியைச் சொல்வார்கள். பன்னிரண்டு மணி நெருங்க நெருங்க ஆயர் கடிகாரத்தைப் பார்ப்பார். பேசுகிறவர் ஆயரைப் பார்க்கமாட்டார். அப்படி ஒரு ராத்திரி முடிந்து டீ குடிக்கும்போதுதான், "இதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்து வெச்சா என்ன தம்பி?" என்று ஆயர் கேட்டார். பொங்கல் லீவில் போனிலேயே முதல் வீடியோ. பேசியவர் அருமையாகப் பேசினார். வீட்டுக்கு வந்து கேட்டால் மின்விசிறிதான் பேசியிருந்தது.

அங்கே படித்த பாடம் இன்றுவரை மாறவில்லை. காசு இருந்தால் முதலில் மைக்குக்குப் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் ஜனம் பொறுத்துக்கொள்ளும். பேச்சு கேட்கவில்லை என்றால் பத்தே விநாடியில் அடுத்ததுக்குத் தள்ளிவிடும்.

இரண்டாவது வருடம் ஒயருள்ள காலர் மைக் ஒன்று வாங்கினேன். உள்ளே பொத்தான் பேட்டரி போடுகிற வகை. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைக்காமல் பையில் போட்டுவிட்டால் அடுத்த வாரம் பேட்டரி காலியாக இருக்கும். இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டுமே என் மறதி. ஒருமுறை ஒரு பெரியவர் நாற்பது நிமிடம் பேசி முடித்தபிறகுதான் ஒலி ஒன்றுமே விழவில்லை என்று தெரிந்தது. திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார், பாவம். ஆனால் முதல் தடவை அழுத இடத்தில் இரண்டாம் தடவை சிரித்தார். அன்றிலிருந்து பத்து விநாடி சோதனைக்கு எடுத்து, கார்டைக் கழற்றி லேப்டாப்பில் போட்டு, ஹெட்போனில் கேட்காமல் யாரையும் பேசவிடுவதில்லை. என் கேமராவில் ஹெட்போன் துளை கிடையாது, வேறு வழியில்லை.

2022இல் ரோட் வயர்லெஸ் கோ 2 என்கிற ஒயரில்லாத மைக் வாங்கினேன். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: சட்டையில் மாட்டுகிற பெட்டிக்குள்ளேயே ஒலி தனியாகவும் பதிவாகிறது. கேமராவுக்கு வருகிற சிக்னல் விட்டுப்போனாலும் அதில் இருக்கும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து சாட்சி சொல்வது எங்கள் பக்கம் அதிகம். இரண்டு பெட்டி இருப்பது அதற்கு வசதி. மூன்று வருடத்தில் அதன் பேட்டரி கொஞ்சம் இளைத்திருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

மைக் மாட்டுவது தனிக் கலை. சேலைத் தலைப்பில் மாட்டினால் சரசரப்பு. பாலியஸ்டர் சேலை என்றால் கேட்கவே வேண்டாம். கழுத்துச் சங்கிலியில் தொங்குகிற சிலுவை மைக்கில் டிக் டிக்கென்று மோதும். மைக்கை ஒட்டிவைக்க, மருந்துக்கடையில் காயத்துக்குப் போடுகிற மைக்ரோபோர் டேப் ஒரு சுருள் வாங்கிப் பையில் வையுங்கள். பெண்களுக்கு நான் மாட்டுவதில்லை, என் சம்சாரம் வந்து மாட்டிவிடுவாள். அவள் வராத நாளில் பெண்கள் சாட்சி எடுப்பதும் இல்லை. கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்ல ஆரம்பத்தில் எனக்கு வாய் வரவில்லை. அதையும் அவளே சொல்லிக்கொள்கிறாள். தறியில் முப்பது வருடம் நின்றவர்கள் கத்தித்தான் பேசுவார்கள், காது அப்படி. அவர்களுக்கு மைக் அளவைக் குறைத்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் உணர்ச்சிவசப்படுகிற இடத்தில் ஒலி கிழிந்துவிடும்.

இனி தறி. மின்விசிறிச் சத்தம் ஒரே சீரானது. எடிட்டிங்கில் ஓரளவு வடிகட்டலாம். தறி அப்படியில்லை. நாடா, அதாவது ஊடு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிற கட்டை, அடிபடுகிற ஒவ்வொரு அடியும் வெட்டு வெட்டாக வரும், பேச்சின் மேலேயே விழும். அதை எடுக்கப்போனால் பேச்சும் சேர்ந்து செத்துப்போகும். கதவைச் சாத்திப் பார்த்தேன், கம்பளி தொங்கவிட்டேன், ராத்திரி பத்து மணிக்கு எடுத்தேன். ராத்திரி ஷிப்ட் என்று ஒன்று இருப்பது பனியன் கம்பெனிக்காரனுக்கே மறந்துபோனது.

வழி தானாகவே கிடைத்தது. மாதம் ஒருநாள் துணைமின் நிலையத்தில் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை 4 மணிவரை கரண்ட் நிறுத்துவார்கள் அல்லவா? அன்றைக்கு ஊரே வாயடைத்து நிற்கும். காகம் கத்துவது கேட்கும். கேமரா பேட்டரியில் ஓடுகிறது, மைக் பேட்டரியில் ஓடுகிறது, வெளிச்சத்துக்கு ஜன்னல். தறிக்காரர்களுக்கும் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டில்தான் இருப்பார்கள். நான் கம்பெனியில் அரைநாள் லீவு போட்டுவிடுவேன். எங்களுடைய நல்ல வீடியோக்களில் பாதிக்கு மேல் இப்படி மின்தடை நாளில் எடுத்தவை. பேப்பரில் மின்தடை அறிவிப்பை இவ்வளவு ஆசையாகப் படிக்கிற ஆள் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

வெளியில், மரத்தடியில் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் கிளம்புகிற காற்று ஆவணி வரை ஓயாது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளை நட்டுவைத்திருப்பது சும்மா இல்லை. மைக்குக்கு மயிர்த்தொப்பி போட்டாலும் ஆடிக்காற்றில் ஒன்றும் நிற்காது. தை, மாசியில் எடுங்கள்.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2021இல் கேனான் 200டி மார்க் 2 ஒன்றைப் பழையதாக 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். 4கே வேண்டாம், அதில் படம் இன்னும் வெட்டுப்பட்டு நெருங்கிவிடும். ஃபுல் எச்டியில் விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் விநாடியில் 50இல் ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட் துடிக்காமல் இருக்க இந்தக் கணக்கு. எல்லோரும் சொல்கிற 50 எம்எம் லென்சைத்தான் முதலில் வாங்கினேன். பின்னணி அழகாகக் கலங்கும், உண்மைதான். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் நான் சுவரோடு பல்லிபோல ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. இப்போது 24 எம்எம்தான். அடுப்படி, அரிசி டிரம், சுவரில் தொங்குகிற சபைக் காலண்டர் எல்லாம் தெரியும். தெரியட்டும்.

ஒன்றை மறக்கக்கூடாது. இந்தக் கேமரா 29 நிமிடம் 59 விநாடியில் தானாகப் பதிவை நிறுத்திக்கொள்ளும். அரைமணி ஓடினால் வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி போட்ட காலத்துப் பழக்கம் அது. கையேட்டிலேயே இருக்கிறது, படிக்காதது நான். எங்கள் ஊர்ச் சாட்சி எதுவும் முப்பதாம் நிமிடத்துக்கு முன்னால் சூடு பிடித்ததில்லை! 25ஆவது நிமிடத்தில் "ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று சொல்லி நிறுத்தித் திரும்பப் போட்டுவிடுகிறேன்.

உண்மையான சிக்கல் மொழியில் இருந்தது. கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் எங்கள் ஆட்களுக்கு நாக்கு மாறிவிடும். அதுவரை "வாங் தம்பி, காப்பி வெக்கட்டுங்களா" என்று பேசிக்கொண்டிருந்த அம்மா, சட்டென்று உளையான சேறு, சத்துரு, ஜீவனுள்ள தேவன் என்று வேதாகமத் தமிழுக்குத் தாவிவிடுவார். அரைமணி பேசுவார். எடுத்துப் போட்டுப் பார்த்தால் அது யாருடைய சாட்சியாகவும் இருக்கலாம்.

நான்காவது வருடம், தறிக்குப் போகிற ஒரு அக்கா. அப்படித்தான் பேசி முடித்தார். நான் கேமராவை அணைத்துவிட்டு, மைக்கைக் கழற்ற என் சம்சாரம் வருவதற்காகக் காத்திருந்தேன். சும்மா இருக்கவேண்டாமே என்று, "அன்னைக்கு வீட்டுல என்ன சமைச்சிருந்தீங்கக்கா?" என்று கேட்டேன்.

"கம்மஞ்சோறுங் தம்பி. பாவு தீந்துபோச்சுன்னு நாலு மணிக்கே தறிய நிறுத்திப்போட்டாங்க. முன்பணம் வாங்குனது அப்படியே நிக்குது, என்ற வீட்டுக்காரரு எங்க கெடக்கறாருன்னு தெரியல. வீட்டுக்குப் போகோணும்னே தோணலீங். கெணத்து மேட்டுல உக்காந்திருந்தன். பொழுது எறங்கீருச்சு. சின்னவ போசிய எடுத்துட்டு அங்கயே வந்துட்டா. சோறு காஞ்சு போகுது, எந்திரிம்மாங்கறா. அந்தப் போசிதானுங் என்னைக் கூட்டிட்டு வந்துச்சு. அப்ப நான் ஜெபமெல்லாம் பண்ணுலீங். பொறவு நெனச்சுப் பாத்துத்தான், அவள அனுப்புனது ஆருன்னு தெரிஞ்சுக்கிட்டன்."

போசி என்றால் எங்கள் பக்கம் சோற்றுப் பாத்திரம். மைக் பெட்டிக்குள் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அக்காவிடம் போட்டுக் காட்டினேன். "ஐயோ, கொச்சையா இருக்குதுங்" என்றார். இரண்டு நாள் யோசித்து, அதையே போடச் சொல்லிவிட்டார். படம் இல்லாமல், அந்த வீட்டுத் திண்ணையை மட்டும் காட்டி அந்தக் குரலைப் போட்டோம். 2 நிமிடம் 40 விநாடி. கமிட்டியில் ஒருவர், வசனமே இல்லாமல் இது என்ன சாட்சி என்று கேட்டார். ஆயர் யோவான் 9ஆம் அதிகாரத்தைத் திறந்தார். பிறவிக் குருடனுக்குப் பார்வை வந்தபிறகு ஆளாளுக்கு அவனைக் குடைகிறார்கள். அவன் சேறு பூசியது, போய்க் கழுவியது, பார்வை வந்தது என்று நடந்ததை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறான். கேள்வி கேட்டவர் தலையாட்டினார், முழுமனசாக இல்லை.

அதிலிருந்து நான் யாரிடமும் "ஆரம்பிக்கலாமா" என்று கேட்பதில்லை. போய் உட்கார்ந்ததுமே பதிவைப் போட்டுவிடுவேன், அதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியும் விடுவேன். முதல் கேள்வி சமையல், தறி, மாடு, பஸ் நேரம் எதாவது. தேவன் உங்கள் வாழ்வில் என்ன செய்தார் என்று மட்டும் கேட்கவே கூடாது. கேட்டால் பிரசங்கம்தான் வரும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் என்கிற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். பின்னணி இசையில் ஒருமுறை சூடுபட்டேன். இலவசம் என்று எழுதியிருந்த இசையைப் போட்டதற்கு யாரோ உரிமை கோரினார்கள். இப்போது எங்கள் சபைத் தம்பி கீபோர்டில் வாசித்துக் கொடுப்பதை ஆரம்பத்திலும் கடைசியிலும் மட்டும் வைக்கிறோம். பேச்சுக்கு அடியில் சோக இசை ஓட்டுவதை நிறுத்தியாயிற்று. பேசுவது மட்டும் பெரிய எழுத்தில் கீழே ஓடும். பார்க்கிறவர்களும் தறிக்காரர்கள்தானே.

அந்த 15க்கு வருகிறேன். மூன்று பேர் மாத்திரையை நிறுத்திவிட்டதைச் சாட்சியாகச் சொன்னார்கள். அதில் ஒருவர் காசநோய்க்கு 6 மாதம் சாப்பிடவேண்டியதை மூன்றாம் மாதத்தில் விட்டவர். அந்த வீடியோவை ஆயர் பார்த்த அன்றைக்கே அவரை வண்டியில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார். சுகமானதைச் சொல்லலாம், மருந்தை விட்டதைச் சொல்லும் எதுவும் எங்களிடமிருந்து வெளியே போகாது. நான்கு பேர் கடன் கொடுத்தவர் பெயரை, சொந்தக்காரர் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தார்கள். இரண்டில் பிள்ளைகள் தங்கள் அப்பாவின் குடியைப் பற்றிப் பேசினார்கள். பதினெட்டு ஆகட்டும், அப்போதும் வேண்டும் என்று சொன்னால் பார்த்துக்கொள்ளலாம்.

மீதி ஆறு, போட்ட பிறகு எடுத்தது. நம் ஊரில் ஞானஸ்நானம் வாங்கினேன் என்று கேமரா முன்னால் சொல்வது சிலருக்குப் பக்தி விஷயம் மட்டும் அல்ல. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவருக்கு அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்வார்கள். சான்றிதழ், படிப்பு, வேலை எல்லாம் அதில் தொங்குகிறது. வேறு சிலருக்குப் பெண் கொடுத்த வீடு, பங்காளி வீடு என்று சிக்கல். சாட்சி சொல்கிற சூட்டில் இதெல்லாம் நினைவுக்கு வராது. அதனால் எடுத்த வீடியோவைப் பதினைந்து நாள் கையிலேயே வைத்திருக்கிறோம். பிறகு வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டி, தமிழில் ஒரு பக்கத் தாளில் கையெழுத்தோ ரேகையோ வாங்குகிறோம். எப்போது கேட்டாலும் காரணம் கேட்காமல் எடுத்துவிடுவோம் என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் வாட்ஸாப்பில் போய்விட்டதை எடுக்க முடியாது, அதையும் வாயால் சொல்லிவிடுகிறேன். சொன்னதும் மூன்று பேர் முகத்தைக் காட்டவேண்டாம் என்றார்கள். கைகளை மட்டும் எடுத்தோம். நூல் முடிச்சுப் போட்டுப் போட்டுக் காய்த்த கைகள், முகத்துக்குக் குறைவாக ஒன்றும் பேசவில்லை.

வெட்டாத மூல வீடியோவை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன், ஒன்று என் வீட்டில், ஒன்று ஆயர் வீட்டில். மணிக்கு 13 ஜிபி சொச்சம் பிடிக்கிறது. போன வருடம் ஒரு தாத்தா தவறியபோது வீட்டார் வந்து அதைத்தான் கேட்டார்கள். சபை போட்ட ஐந்து நிமிடம் அவர்களிடம் இருந்தது. அவர் பேத்தியைக் கூப்பிட்டு "அம்மிணி, அந்த ஃபேன நிறுத்து" என்று அதட்டுகிற இடம் வேண்டுமாம்.

அடுத்த மின்தடைக்கு மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டுக்குப் பக்கத்துத் தறிக்கூடத்தில் புதிதாக ஜெனரேட்டர் வாங்கிவிட்டார்கள். முதலாளியிடம் ஒருமணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் நம் ஆள் இல்லை, மாகாளியம்மன் கோயில் தர்மகர்த்தா. "ஒரு மணி நேரம் எதுக்குங்க, மத்தியானச் சோத்துக்கு எப்படியும் நிறுத்துவோம், அப்ப வாங்க" என்றார். மைக்கெல்லாம் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.