மனச்சுமையை எழுதி இறக்க: இரவுப் பட்டியலா, நான்கு நாள் எழுத்தா, காலையில் மூன்று பக்கமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இருட்டோடு பால் வெட்டப் போகிறவருக்கும், ஈப்போ தொழிற்சாலைக்கு பஸ் ஏறுகிறவருக்கும் மனசு ஓடத் தொடங்குவது ஒரே நேரத்தில்தான்: படுத்துக் கண்ணை மூடிய பிறகு. பிள்ளையின் வேன் காசு, அம்மாவின் கிளினிக் தேதி, ராத்திரி மழை பிடித்தால் நாளைக்கு வெட்டு இல்லை என்ற கணக்கு, எப்போதோ அண்ணன் பேசிய ஒரு பேச்சு. "எழுதிப் பாருங்கள், லேசாகிவிடும்" என்று சொல்வது சுலபம். ஆனால் முதல் மூன்றும் முடியாமல் நிற்கும் வேலைகள். கடைசியது ஆறாத காயம். இரண்டுக்கும் ஒரே மருந்து போட்டால் வேலை செய்யாது.

இரவுப் பட்டியல்

தலையில் நிற்பவை வேலைகள் என்றால் இதுதான் எங்கள் முதல் தேர்வு. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளையவர்களைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தது; முடிவு 2018இல் வெளியானது. படுக்குமுன் 5 நிமிடம், அடுத்த சில நாள்களில் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்பே தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ, தூக்கமும் அவ்வளவு சீக்கிரம் வந்தது.

பலரும் கோட்டை விடுவது இந்த விவரத்தில்தான். "கிளினிக்" என்று மட்டும் எழுதினால் மனசு அதை விடாது. என்றைக்கு, யார் கூட்டிப் போவது, எந்த அட்டை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். "புதன் காலை 8, அம்மாவின் பிரஷர் மாத்திரை, அட்டை அலமாரி மேல்தட்டில், தம்பி மோட்டாரில் கூட்டிப் போவான்" என்று எழுதுங்கள். "வேன் காசு" போதாது. "வேன் காசு 80 வெள்ளி (ரிங்கிட்), வெள்ளிக்கிழமை, சம்பளத்தில் முதலில் எடுத்து வைக்க" என்பது போதும். அந்த வேலைக்கு ஒரு நாளும் ஓர் ஆளும் கிடைத்துவிட்டால், மனசுக்கு அதைக் காவல் காக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதற்குப் பெரிய நோட்டு வேண்டாம். கடையில் கடன் எழுதும் அதே சின்ன 555 குறிப்புப் புத்தகம் போதும். பக்கம் சின்னது என்பதால் கதை எழுத இடம் இருக்காது, அதுவும் நல்லதே. எழுதி முடித்ததும் மூடிவைத்துவிட்டு விளக்கை அணையுங்கள். படுத்தபின் ஏதாவது நினைவுக்கு வந்தால் ஒரு வரி சேர்க்கலாம். பழைய வரிகளைத் திரும்பப் படிக்கக் கூடாது.

கைப்பேசியில் எழுதலாமா? எழுதலாம், ஆனால் பட்டியலைத் திறக்கும் கை அப்படியே வாட்ஸ்அப்பையும் திறக்கும். இரவில் காகிதமே மேல்.

நான்கு நாள் எழுத்து

அண்ணன் பேசிய பேச்சுக்கான வழி இது. 1986இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை அடுத்தடுத்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் மனத்தைப் புண்படுத்திய ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே போனார்கள்.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் 146 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது பலன் உண்மை, ஆனால் சிறியது என்று தெரிந்தது. அதோடு, எழுதி முடித்த கையோடு மனசு லேசாகாது. ஒன்றிரண்டு மணி நேரம் கனக்கத்தான் செய்யும். "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று பலர் இரண்டாம் நாளே நிறுத்துவது இதனால்தான். படுக்குமுன் எழுதினால் அந்தக் கனத்தோடுதான் படுக்க வேண்டியிருக்கும். வேலை முடிந்து குளித்தபின், சாயங்காலம் 5 மணி வாக்கில் எழுதுவது சரி.

பேனாவை நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, பிறகு மலாயில் படித்தவர்களுக்குக் கோபம் ஒரு மொழியிலும் விளக்கம் இன்னொரு மொழியிலும் வரும், வந்தபடியே எழுதலாம். மூன்றாம், நான்காம் நாளில் "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடுகின்றனவா என்று பாருங்கள். பலன் பெற்றவர்களின் எழுத்தில் பென்னிபேக்கர் கண்ட அடையாளம் அதுவே. நான்கு நாளும் ஒரே குற்றச்சாட்டு, ஒரே சொற்கள் என்றால் புண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள், நிறுத்துங்கள். எழுதும்போதே தாங்க முடியாமல் போனால் அந்த விஷயத்தை விட்டு வேறொன்றை எழுதலாம். சாவு, விபத்து என்று காயம் பச்சையாக இருக்கும் வாரங்களில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், யார் கண்ணிலும் படாமல் இருப்பது. தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீட்டில், தனி அறை, பூட்டுள்ள மேசை எல்லாம் ஏது? யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் கை பாதி உண்மையைத்தான் எழுதும். தனித்தாளில் எழுதி, முடிந்ததும் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடுங்கள். எழுதியதைப் பத்திரப்படுத்த வேண்டிய தேவை இந்த முறையில் இல்லை.

காலையில் மூன்று பக்கம்

எழுந்ததும் தோன்றியதையெல்லாம் மூன்று பக்கம் எழுதுவது. எழுத, வரையப் பழகுகிறவர்களுக்கு நன்றாக உதவும். ஆனால் கையால் எழுத அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியுமுன் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டியவர் அதற்காகத் தூக்கத்தில் அரை மணி நேரத்தை வெட்டினால் லாபத்தைவிட நட்டம் அதிகம். ஓய்வு பெற்றவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

கவலை நேரம்

வேலையும் அல்ல, பழைய காயமும் அல்ல, "இப்படி ஆகிவிட்டால்" என்ற பயமே ஓடுகிறது என்றால் இது பொருந்தும். 1983இல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் தாமஸ் போர்கோவெக்கும் கூட்டாளிகளும் சோதித்த முறை: கவலைப்படுவதற்கென்றே தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 30 நிமிடம். பகலில் பயம் வந்தால் ஒரு சொல்லில் குறித்துவைத்து, அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும். உட்கார்ந்ததும் தாளின் நடுவில் கோடு போட்டு "என் கையில்", "என் கையில் இல்லை" என்று பிரித்துக்கொள்வது எங்கள் சேர்க்கை. மழை வலப்பக்கம் போகும். மழைநாளுக்கென்று வாரம் 10 வெள்ளி ஒதுக்குவது இடப்பக்கம் வரும். இடப்பக்கத்தில் இருப்பது அன்றிரவே 555 புத்தகத்துக்குப் போகட்டும்.

எந்த முறையானாலும் இரண்டு வாரம் செய்தும் தூக்கமும் பசியும் திரும்பாவிட்டால், அரசாங்க கிளினிக்கில் மனநலப் பரிசோதனை கேளுங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். சாக வேண்டும் என்ற எண்ணம் தாளில் வந்தால், அந்த வரியோடு பேனாவை வைத்துவிட்டு உடனே பேசுங்கள்: சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் 15555, அல்லது 24 மணி நேரமும் எடுக்கும் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் உதவி எண் 03-7627 2929.