பதிவர் போட்டியில் கள்ள ஓட்டு: எந்த முறை எதைத் தடுக்கும்?

வலைப்பதிவர் போட்டிகளில் வாசகர்கள் இணையத்தில் ஓட்டுப் போடும்போது, ஒரே ஆள் பலமுறை போடுவதைத் தடுக்கச் சில முறைகள் உண்டு. இருப்பதிலேயே சுலபம் குக்கி முறை. ஓட்டுப் போட்டதும் உலாவியில் ஒரு குறி விழும். அது இருக்கும்வரை மறு ஓட்டு ஏறாது. குக்கியை அழித்தால் குறியும் போச்சு. பரிசுள்ள போட்டிக்கு இது ஆகவே ஆகாது.

ஐ.பி. முகவரிக்கு (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) ஓர் ஓட்டு என்பது உறுதியான ஏற்பாடு போலத் தெரியும். ஆனால் இரண்டு பக்கமும் தப்பும். மொபைல் இணைப்புகளில் ஒரே ஐபிவி4 (பழைய வகை) முகவரியைப் பல சந்தாதாரர்கள் பகிர்கிறார்கள். விடுதியிலும் அலுவலகத்திலும் இதே கதை. முதல் ஆள் போட்டதும் மற்றவர்களின் நியாயமான ஓட்டு செல்லாமல் போகும். புதிய வகையான ஐபிவி6-இல் நேர்மாறு: ஒரே வீட்டு இணைப்புக்குள் எண்ண முடியாத அளவு முகவரிகள். அங்கே முகவரியின் முழு 128 பிட்டையும் (0, 1 என்ற இலக்கங்கள்) பார்க்காமல், முதல் 64 பிட்டை மட்டும் ஒப்பிட வேண்டும். எப்படியானாலும் ஐ.பி.யை வைத்துத் தடுக்காதீர்கள், சந்தேகப்பட மட்டும் பயன்படுத்துங்கள். பத்து நிமிடத்தில் ஒரே முகவரியிலிருந்து ஒரே பதிவுக்கு 40 ஓட்டு வந்தால் நிறுத்திவைத்துப் பார்க்கலாம்.

எங்கள் தேர்வு மின்னஞ்சல் உறுதிப்பாடு: ஓட்டுப் போட்டவரின் மின்னஞ்சலுக்கு ஓர் இணைப்பை (லிங்க்) அனுப்பி, அதன்வழி ஓட்டை உறுதி செய்யச் சொல்வது. இதிலும் இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும், பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் எண்ணும் சேர்த்தாலும், மடல் ஒரே பெட்டிக்குத்தான் போகும். ஆகவே ஒப்பிடும் முன் பெயரிலுள்ள புள்ளிகளையும், கூட்டல் குறியிலிருந்து அட் குறிக்கு (@) முன்பு வரை உள்ளதையும் நீக்குங்கள். (புள்ளி நீக்குவது ஜிமெயிலுக்கு மட்டும், வேறு சேவைகளில் புள்ளி வேறு ஆளைக் குறிக்கலாம்.) அடுத்தது, இணைப்பைத் திறந்த மாத்திரத்தில் ஓட்டை எண்ணிவிடக் கூடாது. சில அலுவலக மின்னஞ்சல்களில் பாதுகாப்பு மென்பொருளே இணைப்பைத் திறந்து பார்க்கும். திறந்த பக்கத்தில் 'உறுதி செய்' பொத்தானை அழுத்திய பிறகே எண்ண வேண்டும்.

தொலைபேசி ஓ.டி.பி. இதைவிட வலுவானது. ஆனால் ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் காசு. போட்டிக்காக எண்ணைக் கொடுக்கப் பலரும் தயங்குவார்கள், அது நியாயமான தயக்கம்தான்.

இவை எதுவும் தடுக்காத ஒன்று உண்டு: நண்பர் கூட்டம். ஆளும் உண்மை, ஓட்டும் உண்மை, பதிவை மட்டும் படித்திருக்க மாட்டார்கள். அதற்கு ஓட்டுச்சீட்டையே மாற்ற வேண்டும். ஒரு பதிவுக்கு மட்டும் ஓட்டு என்றால் கூட்டம் பெரிதாக உள்ளவர் ஜெயிப்பார். குறைந்தது மூன்று பதிவுகளைத் தேர்ந்தால்தான் செல்லும் என்றால் அந்த வேகம் குறையும். ஆனால் மீதி இரண்டைப் படிக்காமல் பட்டியலின் தலையிலிருந்து எடுப்பார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் வரிசையைக் கலைத்துக் காட்டுங்கள். எண்ணிக்கையைக் கடைசிவரை மறையுங்கள், இன்னும் எத்தனை ஓட்டு வேண்டும் என்பது தெரிந்தால்தான் ஆள் திரட்டல் சூடுபிடிக்கும். ஓட்டு முதல் பத்துப் பதிவுகளைத் தரட்டும், பரிசை நடுவர்கள் முடிவு செய்யட்டும்.

ஓட்டுகளை நீக்கும் விதியைப் போட்டி தொடங்கும் முன்பே அறிவித்துவிடுங்கள். நடுவில் எழுதினால், யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகவே படும்.