என்ட்ரோபி: கலைந்த அறையா, காசா, வெப்பக் கணக்கா?

பினாங்கில் பல்கலைக்கழக முதலாண்டு படிக்கும் அண்ணன் மகளுக்கு என்ட்ரோபி, அதாவது எந்த மாற்றம் தானாக நடக்கும் என்று காட்டும் இயற்பியல் அளவு, பிடிபடவில்லை. அதைச் சொல்லித்தர மூன்று வழி உண்டு. மூன்றையும் அவளிடம் முயன்று பார்த்துவிட்டேன்.

முதலாவது எல்லாரும் சொல்லும் கலைந்த அறை. என்ட்ரோபி என்றால் ஒழுங்கின்மை, அது தானாகக் கூடும். ஐஸ் உருகுவதற்கும் நீர் ஆவியாவதற்கும் இது சரியாகவே பொருந்தும். லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) வாங்கி உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். குவளைக்கு வெளியே முத்து முத்தாகத் தண்ணீர். "காத்துல இஷ்டத்துக்கு அலைஞ்ச ஆவி துளியா சேர்ந்துடுச்சே சித்தப்பா, இதுல ஒழுங்கு கூடித்தானே போச்சு?" என்றாள். கலைந்த அறையிடம் இதற்குப் பதில் இல்லை. அதோடு அறை எங்கே தானாகக் கலைகிறது? கலைப்பது நாம்தான்.

இரண்டாவது, காசு சுண்டுவது. நான்கு 20 சென் காசுகள் 16 விதமாக விழலாம். நான்கும் தலையாக விழ ஒரே வழி. இரண்டு பூ, இரண்டு தலை என்று விழ ஆறு வழி. மூலக்கூறுகளுக்கும் இதே கதைதான்: எந்த நிலைக்கு வழிகள் அதிகமோ அங்கே போய்ச் சேரும். இயற்பியலாளர் போல்ட்ஸ்மானின் வழி இது. வியன்னாவில் அவர் கல்லறையிலேயே, வழிகளின் எண்ணிக்கையை என்ட்ரோபியோடு இணைக்கும் சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள். ஆழமானது, பொய் சொல்லாதது. ஆனால் ஒரு குவளைத் தண்ணீருக்கு வழிகளை எண்ணி முதலாண்டு மாணவி விடை எழுத முடியாது.

மூன்றாவது, இயற்பியலாளர் கிளாசியஸ் 1865-இல் என்ட்ரோபி என்று பெயர் வைத்த கணக்கு: கைமாறிய வெப்பத்தை வெப்பநிலையால் வகு. அதையும் வெப்பம் பெற்றது, கொடுத்தது என்று இரண்டு பக்கமும் செய். மொத்தம் கூடினால்தான் எதுவும் தானாக நடக்கும். 18 கிராம் ஐஸ் உருக ஏறத்தாழ 6010 ஜூல் வேண்டும். 273 கெல்வினில், அதாவது 0 டிகிரியில், ஐஸுக்கு வரவு 22.0 (கெல்வினுக்கு இத்தனை ஜூல் என்ற அலகில்). அந்த வெப்பத்தைக் கொடுத்த கடைக்காற்று 30 டிகிரி, அதாவது 303 கெல்வின். அதற்குச் செலவு 19.8. மிச்சம் 2.2, அதனால் உருகுகிறது. இப்போது அதே தண்ணீரை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் வையுங்கள். உறையும்போது தண்ணீர் சுமார் 22 இழக்கும், 255 கெல்வினில் இருக்கும் ஃப்ரீசருக்கோ 23.6 கிடைக்கும். மறுபடியும் மிச்சம்தான், அதனால் உறைகிறது. (கரண்ட் பில் வேறு கணக்கு.) குளிர்ந்த இடத்தில் அதே ஜூலுக்கு மதிப்பு கூடுதல், சம்பளத்துக்கு முந்தின நாள் கையில் இருக்கும் 10 ரிங்கிட் மாதிரி. குவளைத் துளியும் இப்படித்தான்: ஆவி இழந்ததைவிடக் குளிர்ந்த குவளை பெற்றது அதிகம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. மாணவி தானே போட்டுச் சரிபார்க்கக்கூடியது அது ஒன்றுதான். மொத்தம் ஏன் கூடியே ஆக வேண்டும் என்று மட்டும் அது சொல்லாது. அதை அவள் கேட்கும் நாளில் காசை எடுத்துக்கொள்ளலாம். கலைந்த அறையை நான் விட்டுவிட்டேன்.